காலி என்று சொல்வதற்கு முன்: துப்பாக்கிப் பழக்கங்கள் பற்றி கேடட்டுகளும் பெற்றோரும் என்னிடம் கேட்டவை

பட்டாளத்திலிருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்று ஊரான கடலூருக்கு வந்த பிறகு, காலையில் தேவனாம்பட்டினம் கடற்கரைப் பக்கம் நடக்கப் போவது வழக்கம். அங்கே ஓட வரும் என்.சி.சி. பிள்ளைகள் மூச்சு வாங்கிக்கொண்டே ஏதாவது கேட்பார்கள். பயிற்சிக் கையேட்டில் இருப்பதைக் கேட்க மாட்டார்கள், அது அவர்களுக்கே மனப்பாடம். சீனியர் அண்ணன் காட்டிக் கொடுத்தது, முகாமில் யாரோ செய்தது, மாமா பட்டாளத்தில் இப்படித்தான் செய்வார் என்று கேள்விப்பட்டது, இதைத்தான் கேட்பார்கள். சில நேரம் அம்மா அப்பாக்களும் கேட்பார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

ட்ரில்லுக்குக் கொடுப்பது சுடாத டி.பி. ரைஃபிள்தானே சார்? அதற்கு எதற்கு இவ்வளவு கண்டிப்பு?

முதலில் வரும் கேள்வி எப்போதும் இதுதான். டி.பி. என்றால் ட்ரில்லுக்கு மட்டும் என்று ஒதுக்கப்பட்ட துப்பாக்கி. அந்த எழுத்து உலோகத்தில் பொறித்திருக்கும். சுட முடியாதபடி ஏதாவது செய்திருப்பார்கள். அதனால்தான் பிள்ளைகள் அதைத் தடி மாதிரி நினைத்துக்கொள்கிறார்கள். ஓய்வு நேரத்தில் கிரிக்கெட் மட்டையாகப் பிடிக்கிறார்கள். நண்பன் வயிற்றில் குழல் முனையை வைத்து "ஹேண்ட்ஸ் அப்" என்கிறார்கள்.

அந்த ரைஃபிளால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. ஆனால் கை ஒரு பாடம் படித்துவிடும். மூன்று மாதம் கழித்துச் சுடுதளத்தில் .22 ரைஃபிளைக் கொடுக்கும்போது, அதே கைதான் அதைப் பிடிக்கிறது. "இது டி.பி., அது நிஜம்" என்று மூளைக்குத் தெரியும். பயமோ சந்தோஷமோ வந்துவிட்டால் மூளை சொல்வதைக் கேட்க நேரம் இருக்காது, கை தான் பழகியதைச் செய்யும். சைக்கிள் பிரேக்கை யோசித்தா பிடிக்கிறோம்? அதனால் மரக்கட்டையில் செய்த துப்பாக்கியாக இருந்தாலும் முனை மனிதர் பக்கம் போகக்கூடாது. இந்த ஒரு விஷயத்தில் நான் யாருக்கும் சலுகை கொடுப்பதில்லை.

ஒருவர் துப்பாக்கியைக் கையில் கொடுத்ததும் போல்ட்டைத் திறந்து பார்த்தால், அவரை நம்பவில்லை என்று ஆகாதா?

ஆகாது. பார்க்காமல் வாங்கினால்தான் தப்பு. நம் ஊரில் மளிகைக் கடையில் மீதிச் சில்லறையை எண்ணிப் பார்த்தால்கூடக் கடைக்காரர் முகம் மாறும். அந்தக் கூச்சத்தை இங்கே கொண்டு வரக்கூடாது.

கொடுப்பவர் முனையைப் பாதுகாப்பான பக்கம் வைத்து, தோட்டா உட்காரும் அறையை மூடும் போல்ட்டைத் திறந்து, அந்த அறையைத் தானும் பார்த்து, திறந்தபடியே கொடுக்க வேண்டும். வாங்குபவர் திரும்பவும் பார்க்க வேண்டும். பயிற்சி கொடுக்கும் உஸ்தாத் கொடுத்தாலும் சரி, கமாண்டிங் ஆபீசரே கொடுத்தாலும் சரி. நல்ல அதிகாரி நீங்கள் பார்க்கிறீர்களா என்று கவனிப்பார். இருட்டாக இருந்தால் சுண்டு விரலை அறைக்குள் விட்டுத் தடவிப் பார்ப்பது பட்டாளத்துப் பழக்கம். புத்தகத்தில் இல்லாத பழக்கங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றிவிட்டால் காலிதானே?

இல்லை. இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் தவறியவன் நான்.

எஸ்.எல்.ஆர். ரைஃபிள் காலம் அது. மலைப் பகுதியில் ஒரு முகாம். விடியற்காலையில் சென்ட்ரி மாறும் நேரம். காவலுக்கு நிற்கும்போது நிரம்பிய மேகசின் மாட்டியிருக்கும், அறைக்குள் ரவுண்டு, அதாவது தோட்டா, இருக்காது. பணி முடிந்ததும் மணல் மூட்டை அடுக்கிய இடத்துக்குப் போய், முனையை அதன் பக்கம் வைத்து, முதலில் மேகசினைக் கழற்ற வேண்டும். பிறகு காக்கிங் கைப்பிடியை இழுத்து அறையைப் பார்க்க வேண்டும். அதற்குப் பிறகுதான் விசையை அழுத்தலாம்.

நான் நான்கு மணி நேரம் குளிரில் நின்று விறைத்துப் போயிருந்தேன். வரிசை மாறிவிட்டது. மேகசின் மாட்டியிருக்கும்போதே இழுத்துவிட்டேன். இழுத்து விட்டதும் மேல் ரவுண்டு ஒன்று அறைக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. அதற்குப் பிறகு மேகசினைக் கழற்றினேன். நாயக் "காலியா?" என்று கேட்டார். "காலி" என்றேன். பார்க்கவில்லை, வாய் சொல்லிவிட்டது. விசையை அழுத்தினேன்.

அந்தச் சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. ரவுண்டு மணல் மூட்டைக்குள் போனது. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. எனக்குத் தண்டனை கிடைத்தது, நியாயமான தண்டனைதான். வரிசையை மறந்த அதே கை, முனையை மட்டும் மணல் மூட்டையிலிருந்து ஒரு அங்குலம்கூட நகர்த்தவில்லை. கேடட்டாக இருந்தபோது ஒரு பழைய உஸ்தாத் தினமும் திட்டித் திட்டிப் பழக்கிய பழக்கம் அது. மூன்று அடி தள்ளி நின்ற நாயக் அதனால்தான் உயிரோடு வீட்டுக்குப் போனார்.

அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். மேகசின் முதலில், அறை பிறகு. கண்ணால் பார்க்காமல் "காலி" என்ற சொல் வாயிலிருந்து வரக்கூடாது. ஆயுதத்தைச் சோதிக்கச் சொல்லும் "ஜாஞ்ச் ஷஸ்த்ர" என்ற உத்தரவு வரும்போது கேடட்டுகள் போல்ட்டை டமார் என்று இழுத்துவிட்டு நேராகப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். அழகாக இருக்கிறது. ஆனால் அந்த உத்தரவே உள்ளே பார்ப்பதற்காகத்தான்.

நேரம் போகாதபோது விசையை "டிக், டிக்" என்று அழுத்திப் பழகலாமா?

.22 ரைஃபிளில் வேண்டாம். அது விளிம்பில் அடிபட்டு வெடிக்கும் வகைத் தோட்டா. தோட்டா உள்ளே இல்லாதபோது விசையை அழுத்தினால், தோட்டாவைத் தட்டும் ஊசியான ஃபயரிங் பின் நேராகப் போய் அறையின் உலோக விளிம்பில் மோதும். நாளாக ஆகப் பின் மழுங்கும், விளிம்பில் பள்ளம் விழும். பிறகு நிஜ ரவுண்டு போட்டாலும் சில நேரம் வெடிக்காது. சுடுதளத்தில் பாதி மிஸ்ஃபயருக்குப் பிள்ளைகளின் இந்த டிக் டிக்தான் காரணமோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

.303 மாதிரி நடுவில் அடிபடும் வகைத் துப்பாக்கிக்கு அவ்வளவு கெடுதல் இல்லை. உஸ்தாத் முன்னால் நிற்க, குறி பார்த்து, மூச்சைப் பிடித்து, விசையை நிதானமாக அழுத்தும் பயிற்சியை அதில் செய்யலாம், செய்ய வேண்டும். திண்ணையில் உட்கார்ந்து அரட்டை அடித்துக்கொண்டே அழுத்துவதுதான் கெட்டது. சுடப் போவது வரைக்கும் ஆள்காட்டி விரல் விசைக் காப்புக்கு வெளியே நீட்டி இருக்கட்டும். தடுக்கி விழும்போது உடம்பு தானாகக் கையை இறுக்கும். விரல் உள்ளே இருந்தால் விசையும் சேர்ந்து இறுகும்.

நிற்கும்போது முனையை ஷூ மேல் வைத்துக்கொள்வது நல்லதுதானே? மண் படாது என்று சீனியர் சொன்னார்.

மண் படாதுதான். கால் போகும். இந்தப் பழக்கம் எல்லா நாட்டிலும் இருக்கிறது, எல்லா நாட்டிலும் கால் விரல் போனவர்கள் இருக்கிறார்கள். முனை மேல் இரண்டு கையையும் வைத்து, அதன் மேல் தாடையை வைத்து நிற்பது அதைவிட மோசம். துப்பாக்கியைப் பக்கத்தில் நிறுத்தி நிற்கும் "பாஜூ ஷஸ்த்ர" நிலையில் பட் எனும் அடிக்கட்டை தரையில், முனை மேலே, உடம்பை விட்டுத் தள்ளி. களைப்பாக இருந்தால் சொல்லிவிட்டு உட்காருங்கள். துப்பாக்கியை ஊன்றுகோலாக்க வேண்டாம்.

சுவரிலோ வேப்பமரத்திலோ சாய்த்து வைப்பதையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சரிந்து விழும். விழுந்தால் குறி பார்க்கும் முள் நகரும். இரண்டாம் உலகப் போர் காலத்து ஸ்டென் கன் பட் தரையில் இடிபட விழுந்தாலே போல்ட் பின்னால் போய் ஒரு ரவுண்டை எடுத்துச் சுட்டுவிடும். அந்தக் கால ஆட்கள் அதற்குப் பயந்தே பழகினார்கள்.

மழைக்காலத்தில் குழலுக்குள் துணி அடைத்து வைக்கலாமா?

கூடாது. கடலூரில் ஐப்பசி, கார்த்திகையில் மழை எப்படிப் பெய்யும் என்று எனக்கும் தெரியும். ஆனால் அடைத்த துணியை எடுக்க மறந்து சுட்டால் குழல் வீங்கும், பிளக்கவும் செய்யும். சேறு புகுந்த குழலும் அப்படித்தான். ரவுண்டுக்குப் பின்னால் இருக்கும் வாயுவின் அழுத்தத்துக்குப் போக வழி இல்லாமல் போய்விடும்.

நார்மண்டியில் இறங்கிய நேச நாட்டுச் சிப்பாய்கள் முனையில் ஆணுறையை மாட்டிக்கொண்டு கடலில் இறங்கினார்கள். கேட்கும்போது பிள்ளைகள் சிரிப்பார்கள், ஆனால் யோசித்துச் செய்த காரியம் அது. மெல்லிய ரப்பர், முனைக்கு வெளியே மாட்டியது. மறந்து சுட்டாலும் கிழிந்து போகும், குழலுக்கு ஒன்றும் ஆகாது. உள்ளே அடைப்பதற்கும் வெளியே மூடுவதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

துப்பாக்கிக்குத் தேங்காய் எண்ணெய் போடலாமா? கடற்கரைக் காற்றில் சீக்கிரம் துரு பிடிக்கிறதே?

துரு பிடிப்பது உண்மை. மஞ்சக்குப்பத்தில் ஜன்னல் கம்பி என்ன பாடுபடுகிறதோ அதே பாடுதான் துப்பாக்கியும் படும். உப்புக் காற்று ஒரு பக்கம், உள்ளங்கை வியர்வை ஒரு பக்கம். பரேடு முடிந்து ஆயுதக் கிடங்கான கோத்தில் ஒப்படைக்கும்போது வியர்வைக் கைரேகையோடு வைத்தால், அடுத்த பரேடுக்கு எடுக்கும்போது ரேகை அப்படியே செம்பழுப்பு நிறத்தில் இருக்கும்.

ஆனால் தேங்காய் எண்ணெய் வேண்டாம். பிசுபிசுக்கும், தூசியை இழுக்கும். போதாததற்கு 24 டிகிரிக்குக் கீழே போனால் உறைந்துவிடும். எங்கள் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் நீலகிரியில் வெலிங்டனில் இருக்கிறது. அங்கே மார்கழிக் காலையில் தலைக்கு வைக்கிற எண்ணெயே பாட்டிலை விட்டு வராது. போல்ட்டுக்குள் அது உறைந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். கோத்தில் கொடுக்கும் எண்ணெயை மட்டும் போடுங்கள். அதையும் மெல்லிய படலமாக.

எண்ணெய் அதிகம் போட்டால் நல்லது என்று நினைப்பதும் தப்பு. குழல் சுத்தம் செய்யும் துணியை பட்டாளத்தில் சிந்தி என்போம். சுத்தம் செய்ய 4 அங்குலத்துக்கு 2 அங்குலம், எண்ணெய் போட 4 அங்குலத்துக்கு ஒன்றரை அங்குலம். அளவு வேறு வேறாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. பெரிய துண்டு குழலை இறுக்கமாகத் துடைக்கும், சின்னது எண்ணெயைத் தடவிவிட்டுப் போகும். சுடுவதற்கு முன்னால் குழல் உள்ளே உலர்ந்து இருக்க வேண்டும்.

சுட்ட பிறகு .303 குழலில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றுவார்கள், பழைய பட்டாளத்துக்காரர்கள். பார்ப்பவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத் தெரியும், துப்பாக்கிக்குத் தண்ணீரா என்று. அது அறிவுள்ள பழக்கம். அந்தக் காலத்துத் தோட்டாக்களின் கேப் மருந்து எரிந்த பிறகு குழலில் ஒரு வகை உப்பை விட்டுச் செல்லும். அது காற்றில் உள்ள ஈரத்தை இழுத்துத் துருவை உண்டாக்கும். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். நம் ஊர் மீனவர்கள் கரைக்கு வந்ததும் படகு மோட்டாரை நல்ல தண்ணீரில் கழுவுகிறார்களே, அதே கணக்கு. வெந்நீர் என்றால் குழலும் சூடாகித் தானே உலர்ந்துவிடும். அதற்குப் பிறகு எண்ணெய். இப்போதைய தோட்டாக்களுக்கு இது தேவைப்படுவதில்லை. ஆனால் காரணத்தைத் தெரிந்துகொண்டு செய்த பழக்கம் எப்படி இருக்கும் என்பதற்கு நான் எப்போதும் இதைத்தான் சொல்வேன்.

ஆயுத பூஜைக்குத் துப்பாக்கிக்குச் சந்தனம், குங்குமம் வைப்பது சரியா?

சரி, தாராளமாக வைக்கலாம். பட்டாளத்திலும் தசராவுக்கு ஆயுதங்களை அடுக்கிப் பூஜை போடுவோம். நமக்குச் சோறு போடும் கருவியைக் கும்பிடாமல் வேறு எதைக் கும்பிடுவது?

பொட்டை பட் கட்டையில் வையுங்கள். குறி பார்க்கும் முள்ளிலும் ஓட்டையிலும் வைக்காதீர்கள், காய்ந்த சந்தனம் அதற்குள் போய்க் கல்லாகிவிடும். முனைக்குள் பூ செருகுவதும் வேண்டாம். மறுநாள் புனர்பூஜை முடிந்ததும் துடைத்து எண்ணெய் போடுங்கள். இன்னொன்று, பூஜைக்கு வரிசையாக வைக்கும்போதும் ஒவ்வொன்றையும் திறந்து பார்த்துத்தான் வைக்க வேண்டும். பூஜை நாளன்று கோத்துக்குள் வெளியாட்கள், குழந்தைகள் எல்லாரும் வருவார்கள். மற்ற நாளைவிட அன்றைக்குத்தான் அதிகம் பார்க்க வேண்டும்.

மேகசினை ஹெல்மெட்டில் தட்டுவது, இரண்டு மேகசினைத் தலைகீழாகச் சேர்த்து டேப் ஒட்டுவது, இதெல்லாம் சினிமாவுக்கா, நிஜமாகவே செய்வார்களா?

நிஜமாகவே செய்வார்கள். தட்டுவது ரவுண்டுகள் பின்பக்கமாகச் சீராக உட்கார வேண்டும் என்பதற்காக. உள்ளங்கையில் மெதுவாகத் தட்டினால் போதும். இரும்பு ஹெல்மெட்டில் தட்டினால் மேகசினின் உதடு, அதாவது வாய் விளிம்பு, வளையும், பிறகு ரவுண்டு நேராக ஏறாது. டேப் ஒட்டினால் மாற்ற நேரம் மிச்சம். ஆனால் தரையில் படுக்கும்போது கீழே இருக்கும் மேகசினின் வாய் மண்ணைத் தின்னும்.

20 ரவுண்டு பிடிக்கும் மேகசினில் 18 மட்டும் போடுவது இன்னொரு பழக்கம். வியட்நாமில் எம்-16 வைத்திருந்த அமெரிக்கச் சிப்பாய்கள் அப்படித்தான் செய்தார்கள். முழுக்க அடைத்தால் ஸ்பிரிங் இறுகி ரவுண்டு சிக்குகிறது என்று அவர்களுடைய அனுபவம். கடைசி இரண்டு மூன்று ரவுண்டாக ட்ரேசர் போட்டு வைப்பவர்களும் உண்டு, வெளிச்சக் கோடு போனால் மேகசின் முடியப் போகிறது என்று தெரிந்துகொள்ளலாம். எதிரிக்கும் அது தெரியும் என்பதை யோசிக்க வேண்டும்.

இஸ்ரேலில் சிப்பாய்கள் மேகசின் உதட்டில் பாட்டில் மூடியைத் திறந்து திறந்து மேகசினைக் கெடுத்தார்கள். அவர்களைத் திருத்த முடியாமல், கலீல் ரைஃபிளை வடிவமைத்தபோது அதிலேயே பாட்டில் திறப்பானையும் வைத்துவிட்டார்கள். சிப்பாயின் பழக்கம் துப்பாக்கியின் வடிவத்தையே மாற்றிய கதை இது.

கேடட்டுகளுக்கு இது எதுவும் தேவையில்லை. உங்களுக்குக் கொடுப்பது ஐந்து ரவுண்டு. அவசரமும் இல்லை, எதிரியும் இல்லை.

.303-ல் நடுவிரலால் சுடும் வித்தை ஒன்று இருக்கிறதாமே?

இருக்கிறது. போல்ட் பிடியைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் விடாமல் பிடித்திருக்கும், நடுவிரல் விசையை அழுத்தும். கையை எடுத்து வைக்கும் நேரம் மிச்சம். முதல் உலகப் போருக்கு முன்னால் பிரிட்டிஷ் சிப்பாய் ஒரு நிமிடத்தில் 300 கஜ தூரத்துக் குறியில் 15 ரவுண்டு சுட வேண்டும் என்று ஒரு பயிற்சி இருந்தது. .303 ரைஃபிளான லீ-என்ஃபீல்டின் போல்ட் வழவழவென்று ஓடும், அதனால் இந்த வித்தை அதில் நன்றாக வரும்.

நான் யாருக்கும் கற்றுக்கொடுப்பதில்லை. ரவுண்டு ஏற்றுவது ஒரு வேலை, சுடுவது இன்னொரு வேலை. இரண்டுக்கும் நடுவில் கை ஒரு கணம் நிற்க வேண்டும். அந்தக் கணத்தில்தான் "ருக் ஜா", நில், என்ற குரல் காதில் விழும்.

எல்லோரும் ஒரே மாதிரி தோளில் வைப்பது, இறக்குவது, இந்த ட்ரில் எல்லாம் வெறும் காட்சிக்குத்தானே?

இதற்குப் பதில் நீங்கள் ஓடுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. கெடிலம் ஆறு கடலில் சேரும் பக்கம் செயின்ட் டேவிட் கோட்டை இருந்தது. 1748-ல் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ் என்ற அதிகாரி அங்கே வந்து இறங்கினார். கிழக்கிந்தியக் கம்பெனியிடம் அப்போது இருந்தது ஒழுங்கில்லாத காவல் கும்பல்தான். அதைப் பட்டாளமாக மாற்றும் வேலையை அவர் இங்கே தொடங்கினார். இந்தியத் தரைப்படையின் தந்தை என்று அவரைச் சொல்வார்கள். பத்து வருடத்தில், 1758-ல், பிரெஞ்சுத் தளபதி லாலி அந்தக் கோட்டையைப் பிடித்து இடித்துவிட்டார். எங்கள் ரெஜிமென்டின் வரலாறும் அதே 1758-லிருந்துதான் எண்ணப்படுகிறது.

அந்தக் காலத்துத் துப்பாக்கியை வாய் வழியாக மருந்து கெட்டித்துத்தான் நிரப்ப வேண்டும். இடுப்பில் வெடிமருந்து. தோளோடு தோள் உரச வரிசையில் நிற்க வேண்டும். ஒருவன் நிரப்பும்போது பக்கத்தில் இருப்பவன் திரும்பினால், முனை காதுக்கு நேராக வரும், தீப்பொறி பக்கத்து ஆளின் மருந்துப் பைக்குப் போகும். எல்லோரும் ஒரே அசைவை ஒரே நேரத்தில் செய்தால்தான் பிழைக்க முடியும். ட்ரில் பிறந்தது அப்படித்தான். பார்க்க அழகாக இருப்பது அப்புறம் வந்தது.

அதனால் ரீல்ஸுக்காக ரைஃபிளைச் சுழற்றும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது. மாதக்கணக்கில் பயிற்சி எடுத்த குழு, இடைவெளி அளந்து நின்று சுழற்றுவது வேறு. ஹாஸ்டல் வராந்தாவில் சுழற்றுவது வேறு.

புதுச்சேரியில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்கள் உண்டே, அவர்களுடைய பழக்கம் வேறா?

உத்தரவு வேறு, பழக்கம் ஒன்று. புதுச்சேரியில் அவர்களைச் சொல்தா என்பார்கள். ஜூலை 14 அன்று கடற்கரைச் சாலைப் போர் நினைவுச் சின்னத்தின் பக்கம் போனால், பதக்கம் குத்திக்கொண்டு நிமிர்ந்து நடக்கும் பெரியவர்களைப் பார்க்கலாம். எனக்கு அப்படி ஒருவர் சிநேகிதம். இங்கிருந்து அங்கே 25 கிலோமீட்டர்கூட இல்லை. எனக்கு எல்லா உத்தரவும் இந்தியில், அவருக்கு எல்லாம் பிரெஞ்சில். இரண்டு பேருமே வீட்டில் பேசுவது தமிழ். பிரெஞ்சுக்காரர்களின் ஃபாமாஸ் ரைஃபிள் குட்டையாக, பார்க்க ஊதுகொம்பு மாதிரி இருக்கும். அதனால் சிப்பாய்கள் அதை ஊதுகொம்பு என்றே, கிளேரோன் என்றே கூப்பிடுவார்கள் என்று அவர் சொல்லித்தான் தெரிந்தது.

ஒருநாள் அவர் பேரனின் பொம்மைத் துப்பாக்கியை அவரிடம் நீட்டினேன். பேசிக்கொண்டே வாங்கினார். வாங்கிய வேகத்தில் முனை தரைப் பக்கம் போனது, விரல் விசைக்கு வெளியே நீண்டு நின்றது. எந்த மொழியில் கற்றுக்கொண்டால் என்ன.

என் மகள் என்.சி.சி.யில் சேர்ந்திருக்கிறாள். துப்பாக்கி தோளில் அடிக்கும் என்கிறார்களே, உள்ளே துண்டு வைத்து அனுப்பட்டுமா?

வேண்டாம் அம்மா. கேடட்டுகள் சுடும் .22-ல் அடி என்று சொல்லும்படி எதுவும் இருக்காது. .303 தள்ளும், ஆனால் அதிலும் தோள் கன்றிப் போவது தள்ளுவதால் அல்ல, பட் கட்டையைத் தோளில் இறுக்கமாக வைக்காமல் இடைவெளி விடுவதால். பயத்தில் பின்னால் சாய்வார்கள், இடைவெளி விழும், இடிக்கும். துண்டு வைத்தால் பட் வழுக்கும், குறியும் கெடும். என் அனுபவத்தில் பெண் பிள்ளைகள்தான் சொன்னதைச் சொன்னபடி செய்து குண்டுகள் நெருக்கமாக விழும்படி நல்ல குரூப் போடுகிறார்கள்.

துண்டுக்குப் பதிலாகக் காதுக்கு நல்ல அடைப்பான் வாங்கிக் கொடுங்கள். .22 ரைஃபிள் சத்தமே 140 டெசிபல் அளவுக்கு வரும், பெரிய ரைஃபிள்கள் 150-ஐத் தாண்டும். பட்டாளத்தில் பஞ்சு வைப்பார்கள், சிகரெட் ஃபில்டரைப் பிய்த்து வைப்பார்கள், சுட்ட காலித் தோட்டாவைக்கூடக் காதில் செருகுவார்கள். வீரம் என்று ஒன்றுமே வைக்காதவர்களும் உண்டு. எனக்கு இடது காதில் இப்போது ரயில் ஓடுகிற மாதிரி ஓயாமல் ஒரு இரைச்சல். தொலைபேசியை வலது காதில்தான் வைத்துக்கொள்கிறேன்.

சுட்ட காலித் தோட்டா ஒன்றை ஞாபகத்துக்கு எடுத்து வரலாமா? சாவிக்கொத்தில் மாட்ட.

கூடாது. கோகா என்று சொல்லும் அந்தக் காலித் தோட்டாக்களை எண்ணித்தான் திருப்பிக் கொடுக்க வேண்டும். ஒன்று குறைந்தால் வெயிலில் எல்லோரும் மண்டியிட்டு மண்ணைச் சலிக்க வேண்டும். நீங்கள் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு, நண்பர்களோடு சேர்ந்து தேடுவது போல் நடிக்க முடியுமா? சுடாத ரவுண்டு ஒன்று பையில் வீட்டுக்கு வந்தால் இன்னும் பெரிய விஷயம். உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பது 1959-ம் வருட ஆயுதச் சட்டப்படி குற்றம். தெரியாமல் வந்துவிட்டது என்றால் தூக்கி எறியாதீர்கள், உடனே உங்கள் என்.சி.சி. அதிகாரியிடம் சொல்லுங்கள். திட்டு வாங்குவதோடு முடியும்.

ரைஃபிளோடு செல்ஃபி?

அனுமதி கேட்டு, உஸ்தாத் பக்கத்தில் இருக்கும்போது, குழுவாக ஒரு படம் எடுக்கலாம். கேமராவைப் பார்த்துக் குறி வைக்கும் படம் வேண்டாம். கேமராவைப் பிடித்திருப்பது உங்கள் நண்பன்.

பீச்சில் பலூன் சுடும் கடையிலும் இந்த விதியெல்லாம் பார்க்க வேண்டுமா?

அங்கேதான் முதலில் பார்க்க வேண்டும். நிறையப் பிள்ளைகள் வாழ்க்கையில் முதல் முதலாகத் துப்பாக்கி என்று ஒன்றைத் தொடுவது அந்தக் கடையில்தான். ஏர்கன்னின் சின்ன ஈயக் குண்டு கண்ணில் பட்டால் பார்வை போய்விடும். அப்பா பணம் கொடுத்துக்கொண்டிருப்பார், பையன் "அப்பா, பார்த்தியா, வெடிச்சிடுச்சு!" என்று துப்பாக்கியோடு திரும்புவான். அந்தத் திருப்பத்தை என்னால் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாது, ஓடிப்போய் முனையைப் பிடித்துத் தள்ளியிருக்கிறேன்.

சில்வர் பீச்சில் நான் போகும் பக்கம் ஒரு அம்மா கடை வைத்திருக்கிறார். குழலை மடித்துக் குண்டு போட்டு மூடும்போதும், கொடுக்கும்போதும், வாங்கும்போதும் அவர் கையில் முனை பலூன் பலகையை விட்டு நகராது. சின்னப் பிள்ளை என்றால் பின்னால் நின்று இரண்டு தோளையும் பிடித்துக்கொள்வார், சுட்டு முடித்துத் துப்பாக்கியை வாங்கிய பிறகுதான் விடுவார். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். "யாரும் சொல்லலைங்க, எனக்கும் ரெண்டு பிள்ளைங்க இருக்குதுங்க" என்றார்.